பாடியவர் பெயர் எந்தப் பேரேட்டில்?

மின்னணு இசை வணிகத்தைப் பற்றிக் கூடும் மாநாடுகளில் பேச்சு பெரும்பாலும் வளர்ச்சியில்தான் தொடங்கும். பிரான்சின் கான் நகரில் 1967இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உலக இசைச் சந்தையாக விளங்கிய மிடெம், மும்பையில் 2017 முதல் கூடும் ‘ஆல் அபவுட் மியூசிக்’, ஃபிக்கி நடத்தும் ஊடக மாநாடு என்று எங்கே பார்த்தாலும் திரையில் ஏறுமுகமாக ஒரு கோடு இருக்கும். அது பொய்க் கோடும் அல்ல. உலக ஒலிப்பதிவுத் துறையின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. 2024ஆம் ஆண்டுக்குச் சொல்லும் வருவாய் 2,960 கோடி டாலர். பத்தாண்டுக்கு முன் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதில் 69 விழுக்காடு ஸ்ட்ரீமிங் வழியாக வந்தது. திருட்டு எம்பி3 தட்டுகளால் தொழிலே செத்துவிட்டது என்று 2005 வாக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இந்தத் தொகையை நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பணத்தை நெரவியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்பது என் கேள்வி. இங்கே பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அதில் ஏதாவது வருகிறதா? வரவில்லையென்றால் வழியில் எங்கே அறுபடுகிறது? முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை கேட்டால் எத்தனை பைசா என்ற சண்டை நியாயமான சண்டைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஓர் இழப்பு நடந்துவிடுகிறது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பாடினார், யார் தவில் வாசித்தார் என்பது பாட்டோடு சேர்ந்து பதிவாகவில்லை. பெயர் ஏறாத இடத்தில் விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பணம் வேறொருவர் கணக்கில்தான் விழும்.

நெரவியைத் தெரியாதவர்களுக்காக: அரசலாற்றுக்குத் தெற்கே, காரைக்கால் நகரத்துக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் நடுவே இருக்கும் ஊர். நிர்வாகத்தில் புதுச்சேரியின் ஒரு கொம்யூன். காரைக்கால் மாவட்டத்தை நிலப்பக்கம் முழுவதும் சூழ்ந்திருப்பது தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 வரை இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. மேற்கே திருநள்ளாறு, தெற்கே நாகூர், அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி. சனிப்பெயர்ச்சி, கந்தூரி, செப்டம்பர் மாதத் தேர்ப்பவனி என்று மூன்று பெருங்கூட்டங்களும் கூடும் வட்டத்துக்குள் இருக்கிறோம். சினிமாவை நம்பாமல் தானாக ஓடிய ஒரு பாட்டுச் சந்தை தமிழில் உண்டென்றால் அது இந்த மாதிரித் தலங்களைச் சுற்றி இருந்த பக்திப் பாட்டுச் சந்தைதான். இசைத் தொழில் மாநாடுகளில் ‘சினிமா அல்லாத இசை’ என்று ஏதோ புதிதாக முளைத்ததைப்போலப் பேசுகிறார்கள். நாகூர் தர்காவைச் சுற்றியிருந்த கேசட் கடைகளில் அது எப்போதோ இருந்தது.

மாநாடும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தன் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். சித்த வைத்தியத்தில் ஈட்டிய பொருளை அதில் போட்டார். ஒரு தாயியில் சுருதிகள் எத்தனை என்பது அங்கே பெரிய வாதம். அந்த உழைப்பெல்லாம் திரண்டு 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. பிறகு 1927இல் காங்கிரஸ் மகாசபை கூடியபோது சென்னையில் நடந்த இசை மாநாட்டிலிருந்து அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு, 1943இல் தமிழ் இசைச் சங்கம். அந்தக் கூட்டங்களில் இசைவாணர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அவருடைய தொழிலைப் பற்றியது. இன்றைய வணிக மாநாட்டில் இசை நிறுவனங்களும் செயலிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும் விளம்பரக்காரர்களும் வழக்கறிஞர்களும் நடுவில் இருக்கிறார்கள். கலைஞரும் மேடையேறுகிறார், ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர்.

பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்த காலம்

காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டுப் பதிகங்கள், பண்ணோடு பாடப்பெற்ற தமிழ்ப் பதிகங்களில் மிக முந்தியவை. அவற்றின் கடைசிப் பாட்டில் அம்மையார் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லி, ஊரையும் தன்னையும் சேர்த்தே பதிந்துவிடுகிறார். பின்னால் வந்த தேவாரத்தில் திருக்கடைக்காப்பும், கீர்த்தனைகளில் முத்திரையும் அதே வேலையைச் செய்தன. ஏடு எரிந்தாலும், பாடுகிறவர் மாறினாலும், இன்னாருடையது என்ற தகவல் பாட்டிலிருந்து பிரியாது. ஒலிப்பதிவுத் துறை இன்று குறியெண்களையும் தரவுத் தளங்களையும் வைத்துச் செய்யப் பாடுபடுவதை நம் மரபு ஒரு வரியில் செய்து முடித்திருக்கிறது.

முதல் இசைத்தட்டுகளிலும் அந்த ஏற்பாடு இருந்தது. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் அறிவித்தார். மெழுகில் பதிந்தது ஜெர்மனிக்குப் போய்த் தட்டாக அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர் சரியான பெயரை ஒட்ட வேண்டுமே! அந்தத் தேவைதான் காரணம். அவர் பெயர் இன்றுவரை நிற்பதில் அந்த அறிவிப்புக்கும் பங்குண்டு.

வானொலி அந்த ஒழுங்கைக் காப்பாற்றியது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தில் டெல்டாவின் நாகஸ்வர, தவில் வித்துவான்கள் வாசித்தபோது, வாசிப்பவர் யார், உடன் தவில் யார், தாளம் யார் என்று அறிவிப்பாளர் சொல்லாமல் நிகழ்ச்சி தொடங்காது. கேட்பவருக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம். இடறல் தொடங்கியது கேசட்டில். எண்பதுகளில் யார் வேண்டுமானாலும் பதிந்து விற்கலாம் என்ற நிலை வந்தது. அது சிறிய பாடகர்களுக்குப் பெரிய திறப்பு, மறுக்கவே முடியாது. ஆனால் கையில் ஒரு மொத்தத் தொகை, ஒரு தாளில் கையெழுத்து, அத்தோடு உறவு முடிந்தது. எழுதிய புலவரின் பெயர் உறையில் ஒரு மூலையில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அடுத்து வந்த எம்பி3 தட்டில் நூறு பாட்டுகளை அடைத்து ‘ஹிட்ஸ்’ என்று போட்டார்கள். இன்று செயலிகளில் ஏறியிருக்கும் பழைய பக்திப் பாட்டுகளில் பலவும் அந்த வழியாக வந்தவை. உறை தொலைந்த பாட்டுக்கு எழுதியவர் பெயரை யார் கொடுப்பார்?

நாகூர் இ.எம்.ஹனிபாவை எடுத்துக்கொள்வோம். 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். ஒலிபெருக்கிக்கென்றே அமைந்த குரல். கந்தூரி மேடையிலும் திராவிட இயக்க மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு ஒலித்தது. இந்தக் கடற்கரையில் அந்தக் குரலை அறியாத வீடு, எந்த மதத்தினுடையதாக இருந்தாலும், கிடையாது. அவர் பெயரை ஆங்கில எழுத்தில் தேடிப்பாருங்கள். ஒரு எஃப், இரண்டு எஃப், எச் இல்லாமல், இனிஷியல் முன்னால், பின்னால் என்று விதவிதமாக வரும். பொறிக்கு அவை வேறுவேறு ஆட்கள். கேட்பவருக்கு இது சின்ன எரிச்சல். உரிமைத்தொகை பிரிக்கும் கணக்குக்கோ, ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று பொருள். அவருக்கே இந்த நிலை என்றால், அவருக்குப் பாட்டெழுதிய புலவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஹனிபாவின் பாட்டை முழுவதும் பாடத் தெரிந்த ஒருவரிடம் அதை எழுதியவர் யார் என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் ஹனிபா என்றே சொல்வார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

இசை உரிமை என்றாலே பிரான்சில் ஒரு கதை சொல்வார்கள். 1847இல் பாரிஸ் உணவு விடுதி ஒன்றில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் உட்கார்ந்திருந்தபோது அவருடைய பாட்டையே அங்கே வாசித்தார்கள். என் பாட்டுக்கு நீ பணம் தரவில்லை, நான் குடித்ததற்கு நான் ஏன் தரவேண்டும் என்று அவர் மறுத்தார். வழக்கில் வென்றார். 1851இல் சாசெம் என்ற உரிமைத்தொகைச் சங்கம் எழுந்தது. எழுதியவர், மெட்டமைத்தவர், பதிப்பித்தவர் மூவருக்கும் வசூலித்துப் பிரித்துத் தரும் அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது.

இந்தியாவில் அதே வேலைக்கான ஐ.பி.ஆர்.எஸ். 1969இல் அமைந்தது. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம், படத் தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த பாட்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. பெஞ்சில் இருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தன் பங்குக்குத் தனியே ஒரு குறிப்பு எழுதினார். ராகத்துக்கு உயிர் கொடுத்துப் பாடுகிறவரை நம் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கவனிக்க நாளாயிற்று. நிகழ்த்துக் கலைஞர்களுக்கு உரிமை என்று ஒன்று 1994 திருத்தத்தில் வந்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்மையான பாதுகாப்பு 2012 திருத்தத்தில்தான் வந்தது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். திரையரங்கில் படம் ஓடுவதைத் தவிர்த்த மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே விரும்பினாலும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஒப்பந்தம் எழுதும்போது இல்லாத ஊடகத்துக்கு, அதைத் தனியே குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது என்றும் சேர்த்தார்கள். எந்த நாட்டுச் சட்டத்தோடும் ஒப்பிட்டுப் பெருமைப்படலாம்.

இளையராஜாவின் வழக்குகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது போன வக்கீல் நோட்டீஸ் பலருக்கு நெருடலாக இருந்தது. ராஜா பணத்தாசை பிடித்தவர் என்று கூசாமல் பேசினார்கள். எனக்கு அது நட்பைப் பற்றிய வழக்காகப் படவில்லை. கேசட் காலத்தில் எழுதிய தாள்கள் செயலிக் காலத்தையும் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. எக்கோ இசை நிறுவனத்தோடு 4,500க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் அதுவே. அங்கே 2024இல் நீதிமன்றம், வரிகள் இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்னாகும் என்று விசாரணையில் கேட்டது. அது சரியான கேள்வி. இசையமைப்பாளரின் வெற்றி பாடலாசிரியரையும் பாடகரையும் வாசித்தவரையும் மறைத்துவிடுமானால் பாதி வழிதான் வந்திருக்கிறோம்.

செயலிகளுக்கும் சட்டத்துக்கும் நடந்த மோதல் வேறு. வானொலிக்கு ஒரு சலுகை உண்டு. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்திவிட்டு ஒலிபரப்பலாம். சட்டத்தின் 31டி பிரிவு அது. அந்தச் சலுகை எங்களுக்கும் உண்டு என்று ஏர்டெல்லின் விங்க் செயலி வாதாடியது. டிப்ஸ் இசை நிறுவனம் எதிர்த்தது. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இணைய ஸ்ட்ரீமிங்குக்கு 31டி பொருந்தாது என்றது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்குள் வரும்போதும் இதே பிரிவைக் காட்டித்தான் வார்னர் இசை நிறுவனத்தோடு மோதியது. தீர்ப்பால் பெரிய இசை நிறுவனங்களின் கை ஓங்கியது, அவை பேரம் பேசி விலை வைக்கின்றன. நாகூரில் நாற்பது பாட்டு வைத்திருக்கும் சிறு வெளியீட்டாளர் யாரோடு பேரம் பேசுவார்? இடைத்தரகு நிறுவனம் நீட்டும் படிவத்தில் ‘சம்மதம்’ என்ற கட்டத்தை அழுத்துவதே அவர் செய்யக்கூடியது.

காசு வரும் வழி

இந்தியாவில் மின்னணு இசை முதலில் காசு பார்த்தது காலர் ட்யூனில். ஏர்டெல் 2004இல் ஹலோ ட்யூன் கொண்டுவந்தது. மாதம் 30 ரூபாய், பாட்டுக்கு 15 ரூபாய் என்று ப்ரீபெய்டு இருப்பிலிருந்து கழியும். உலகம் முழுவதும் பதிவிறக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் நம் ஊரில் அழைப்பவர் காதில் ஒலித்த அரை நிமிடம்தான் வருமானம். அதிலும் பெரும்பங்கு தொலைபேசி நிறுவனத்துக்கே. கேட்காமலேயே சேவையைத் திணித்துப் பணம் எடுக்கிறார்கள் என்ற புகார் பெருகவே, 2011 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இரட்டை ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. வருமானம் சரிந்தது. எவ்வளவு பேர் விருப்பமின்றியே கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘கொலவெறி’ யூடியூபில் வந்து, தமிழ்ப் பாட்டு ஒன்று எந்தக் கடையையும் தொடாமல் உலகத்தைச் சுற்ற முடியும் என்று காட்டியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது.

ஆனால் கேட்கிறவர்களில் மிகச் சிறு பகுதிதான் பணம் கட்டுகிறது. ஸ்பாட்டிஃபை நுழைந்தபோது இங்கே மாதச் சந்தா 119 ரூபாய். அமெரிக்காவில் அப்போது 9.99 டாலர், ஆறு மடங்குக்கு நெருக்கம். அந்த 119ஐயும் கட்ட ஆளில்லை. இலவசமாகக் கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியாமல் கானா செயலி 2022இல் சந்தா முறைக்குப் போனது, ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு மூடப்பட்டது, விங்க் அதே ஆண்டு கடையைக் கட்டியது.

இருக்கும் பணம் எப்படிப் பிரிகிறது என்பது பலருக்கும் தெரியாதது. பெரும்பாலான செயலிகளில் ஒரு நாட்டில் வந்த பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போகும். அந்த நாட்டில் அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தத்தில் ஒரு பாட்டின் பங்கு எவ்வளவோ, பணமும் அவ்வளவு. நெரவியில் ஒருவர் மாதம் முழுவதும் ஹனிபாவை மட்டுமே கேட்டாலும், அவர் கட்டிய சந்தா ஹனிபாவுக்கு மட்டும் போவதில்லை. அவர் ஒரு தடவைகூடக் கேட்காத புதுப்படப் பாட்டுக்கும் போகிறது. கேட்பவர் காசு கேட்ட பாட்டுக்கே போகட்டும் என்ற மாற்று முறையை சவுண்ட்கிளவுட் 2021இல் தொடங்கியது. பிரெஞ்சு நிறுவனமான டீசர் 2023இல் குறைந்தபட்ச ரசிகர் கூட்டம் உள்ள கலைஞர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. ஸ்பாட்டிஃபையோ 2024 தொடக்கத்திலிருந்து, ஓராண்டில் ஆயிரம் தடவைகூட ஓடாத பதிவுக்கு எதுவும் கிடையாது என்று வைத்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது சில்லறை. ஒரு கொம்யூனுக்குள் பாடிப் புகழ்பெற்றவருக்கு ஆயிரம் என்பதே அவர் ஊர் முழுவதும்.

நாடுவாரியாகக் குவியல் பிரிவதில் காரைக்காலுக்கு மட்டும் உரிய ஒரு விளைவு உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே சந்தா யூரோவில், அதுவும் இங்கேயுள்ளதைப்போலப் பல மடங்கு. ஆகவே பாரிஸில் இருக்கும் பேரன் ஒரு தடவை கேட்கும் கந்தூரிப் பாட்டு, நெரவியில் இருக்கும் தாத்தா அதையே ஒரு தடவை கேட்பதைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறது. நம் பாட்டுகளுக்கு அசலான வருமானம் தரக்கூடிய ரசிகர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஈழத்தமிழ்க் கலைஞர்கள் இதை நமக்கு முன்னே உணர்ந்தார்கள். கனடா, பிரான்ஸ், பிரிட்டன் என்று அவர்களுடைய ரசிகர் பரவல் அப்படி. நம் ஊர் மேளக்காரருக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

ஒரு பெயர் விடுபட்டபோது

2021 மார்ச் 7ஆம் தேதி ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. ஏ.ஆர்.ரகுமான் துணைநின்ற, கனடாத் தமிழர்கள் முன்னெடுத்த மாஜ்ஜா தளத்தின் வெளியீடு. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் குரல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அந்த வரிகளை எடுத்தார். ஒப்பாரியும் நிலமற்றவரின் வரலாறும் இணையத்தில் உலகப் பாட்டாயின. சுயாதீனக் கலைஞருக்கு மின்னணுச் சந்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை.

அதே பாட்டு இன்னொன்றுக்கும் சான்றாயிற்று. அந்த ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவரைத் தனியே அட்டையில் போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியது. அதன்பின் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று மூவரும் பொதுவெளியில் விளக்கம் எழுத வேண்டிவந்தது. 2024 மார்ச்சில், வெளியாகி மூன்றாண்டு ஆனபோது, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். ரகுமானும் பாதிக்கப்பட்டவரே என்றார். மாஜ்ஜா தரப்பு மறுத்து விளக்கம் தந்தது. அந்தத் தகராறில் யார் சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட, எல்லாரும் முகம் அறிந்த கலைஞர்களின் பாட்டிலேயே பெயரும் கணக்கும் இப்படிக் குழம்புமென்றால், திருமண மண்டபத்தில் வாசித்த நாகஸ்வரக்காரரின் பதிவு யூடியூபில் ஏறும்போது என்ன மிஞ்சும்?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சமய விழாவிலும், திருமண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிக்கக் கட்டணம் தேவையில்லை என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2023 ஜூலையில் மத்திய அரசு மீண்டும் அறிவித்துத் தெளிவாக்கியது. மண்டபக்காரரிடமும் மைக்செட்காரரிடமும் இதன் பெயரில் யாராவது பணம் கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டலாம். ஆனால் விழாவை நேரலையில் விடும்போது, யூடியூபின் அடையாளங்காணும் பொறிக்கு இந்தச் சலுகையெல்லாம் தெரியாது. தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமையாளர் யாருமில்லை. 1956இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டுகளுக்கும் பதிவுக்கான 60 ஆண்டு கடந்துவிட்டது. இருந்தும், ஏதோவொரு நிறுவனம் தன் பட்டியலில் அந்தக் கீர்த்தனையின் ஒரு பதிவை ஏற்றி வைத்திருந்தால், கோயிலில் நேரில் வாசித்தவரின் காணொளிக்கு உரிமைக்கோரல் வந்து நிற்கலாம். அவர் மறுக்கலாம், படிவம் உண்டு. மறுக்கும் மொழியும் பழக்கமும்தான் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியை அவசரமாக்கிவிட்டது. டீசர் தளத்துக்கு நாள்தோறும் வரும் பாட்டுகளில் முழுக்கப் பொறி செய்தவை 2025 ஜனவரியில் 10 விழுக்காடு. செப்டம்பரில் 28 விழுக்காடு. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ரகுமான் 2024இல் மீட்டெடுத்தபோது குடும்பங்களின் அனுமதி பெற்றுப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறையான வழி. அந்த வழி வேலை செய்ததற்குக் காரணம், குரல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், கேட்கக் குடும்பம் இருந்தது. பெயரில்லாத பதிவிலிருந்து பொறி கற்றுக்கொண்டால் யாரிடம் அனுமதி கேட்பது, யாருக்குக் கொடுப்பது? தவில் சொற்கட்டும் கந்தூரிப் பாட்டின் இழைப்பும் நாளை ஒரு கட்டளையில் உற்பத்தியாகும்போது, அதன் மூலவர் என்று எழுந்து நிற்க ஆவணம் வேண்டும்.

மாநாடுகளில் இதற்குச் சொல்லப்படும் தீர்வு தொழில்நுட்பம். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறி, ஒவ்வொரு படைப்புக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற இன்னொரு குறி. இரண்டும் சரியாகக் கோக்கப்பட்டால் பணம் வழி தவறாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் குறியெண் கொடுக்கும் இடத்தில் எழுதியவர் பெயர் என்ற கட்டத்தை யாராவது நிரப்ப வேண்டும். அந்த வேலைக்கு மும்பையில் ஆளில்லை, இருக்கவும் முடியாது. 1985இல் நாகூரில் பதிவான ஒரு பாட்டுக்குத் தபேலா வாசித்தவர் யார், வரிகளைத் தந்த புலவர் எந்த ஊர் என்பது இங்கே, அன்று கூட இருந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும், அவர் மறைந்திருந்தால் வாரிசும், ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகலாம். உரிமை படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கிறது; எழுபதுகளில் எழுதிய புலவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அது வாழும் சொத்து. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் பாட்டை ஏற்றும்போதே எழுதியவர், மெட்டு, குரல், ஒவ்வொரு வாத்தியம் என்று பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்துவிட வேண்டும். மொத்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடும் முன், 2012 திருத்தம் தரும் சமபங்கை அந்தத் தாள் பறிக்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். இவற்றைச் சொல்லித்தர காரைக்காலில் வானொலி நிலையம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, புதுச்சேரிக்குக் கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது. அடுத்த இசைத் தொழில் மாநாட்டை ஐந்து நட்சத்திர விடுதியில் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். அதில் ஒரு நாள் அமர்வை நாகூரிலோ திருநள்ளாற்றிலோ வைத்து, பழைய கேசட்டுகளை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதி வாங்கினால், வளர்ச்சிக் கோட்டைக் காட்டும் எந்த அமர்வையும்விட அதிகமான பணம் உரியவர் கைக்குப் போகும்.

வானொலி நிலையங்களில் பதிந்து வைத்த டெல்டாக் கலைஞர்களின் நாடாக்களை முதலில் எடுக்க வேண்டும் என்பேன். அவற்றில் நாகஸ்வரம் யார், தவில் யார், தாளம் யார் என்று அறிவிப்பாளர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். கேட்டு எழுதிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.